பத்தில் ஒரு பங்கு

மஞ்சள் கார். கதவு இரண்டு, சீட் இரண்டு,
தரைக்கும் வயிற்றுக்கும் நடுவே நாலு விரல் இடம்.
கொருக்குப்பேட்டை கேட்டைத் தாண்டுவதற்குள்
மூன்று தரம் அடி தட்டியதாம்.
பட்டறை வாசலில் நிறுத்திவிட்டு தேசப்பன் சொன்னார்:
"இதுக்கு ஒரு கொக்கி வெக்கணும் அக்கா.
பொட்டி இழுக்கணும்."

எந்தப் பெட்டி என்று நவ்ஷாத் கேட்கவில்லை.
தண்டையார்பேட்டையில் இவரைத் தெரியாத வீடு
இன்னும் சாவு விழாத வீடு.
வேனை ஃபைனான்ஸ்காரன் தூக்கிப் போய்ப் பதினோரு நாள்.
கார், அண்ணா நகர்க்காரன் ஒருவன்
வாங்கின கடனுக்கு விட்டுப்போனது.
விற்கலாமே என்றேன்.
"ஆர்சி அவன் பேர்ல. அவன் துபாய்ல."

குனிந்து பார்க்க முடியாது, படுத்துத்தான் பார்க்கணும்.
எஞ்சின் முதுகுப்பக்கம். சேஸிஸ் என்று ஒன்று இல்லை.
பம்பரைக் கழற்றினால் உள்ளே ஓர் அலுமினிய விட்டம்,
இடித்தால் நசுங்குவதற்கென்றே செய்தது.
நசுங்கப் பிறந்ததை இழுக்கச் சொல்வது எப்படி?
மணலியில் பத்து வருஷம் அலுமினியம் பற்றவைத்த கை இது,
இரும்போடு அது சேராது என்று கைக்குத் தெரியும்.
காரில் ஒரு பொறி விழவிடவில்லை நான்.
கம்பெனிக்காரன் விட்டுவைத்த எட்டு போல்ட் ஓட்டை,
பத்து எம்எம் தகடு,
சைலன்சருக்கு வழிவிட்டுக் கீழிறங்கி மேலேறும் ஒரு கழுத்து.
மூன்று தரம் அட்டையில் வெட்டி மூன்றும் தப்பு.
நாலாவது, யாருடையதோ கல்யாணப் பத்திரிகை,
சரியாக உட்கார்ந்தது.

பாரத்தில் பத்தில் ஒரு பங்கு
கொக்கிமேல் ஏறணும்.
குறைந்தால் பின்வண்டி வாலாட்டும்.
கூடினால் காரின் மூக்கு வானம் பார்க்கும்.
"பொட்டி, சக்கரம் எல்லாம் சேர்த்து எத்தினி கிலோ?"
"இருநூத்தி இருவது."
"ஆளு?" என்றான் நவ்ஷாத்.
நானும் அதைத்தான் சாக்பீஸில் போட்டுக்கொண்டிருந்தேன்:
அறுபது, எழுபது, கடை முதலாளி என்றால் தொண்ணூறு,
தலை முன்பக்கமா, கால் முன்பக்கமா.
தேசப்பன் அன்று சிரித்தது அந்த ஒரு தடவைதான்.
"ஆளு ஏது?
போவும்போதும் காலி, வரும்போதும் காலி.
நடுவுல ஒரு ராத்திரி, அவ்ளோதான்."

அழித்தேன்.
கம்ப்ரசரை ஒரு ஜாண் முன்னால் தள்ளி,
காசிமேட்டில் இரவல் வாங்கின மீன் தராசை
கழுத்துக்கடியில் வைத்தோம்.
இருபத்திரண்டு. செதில் ஒட்டிய முள் அசையவில்லை.

விளக்கு ஒயரை இணைத்ததும் டாஷ்போர்டில் ஒரு புகார்:
எங்கோ பல்பு சரியில்லையாம்.
தனக்குப் பின்னால் இன்னொன்று வருவதை
அந்தக் கார் கடைசிவரை நம்பவில்லை.
ஸ்டிக்கர் ஒட்டி மறைத்தோம்.

முதல் ஆர்டர் நேதாஜி நகர், புதன் விடிகாலை.
போல்ட் பேசுகிறதா என்று கேட்க நானும் ஏறிக்கொண்டேன்.
மணிக்கு இருநூற்றைம்பது ஓடப் பிறந்தது
பதினைந்தில் போனது,
வேகத்தடை ஒவ்வொன்றிலும் நண்டு மாதிரி குறுக்கே ஏறி.
ஷேர் ஆட்டோ எல்லாம் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்தன.
கேட் மூடியிருந்தது. கூட்ஸ்.
நாற்பத்தெட்டு வேகன் எண்ணினேன்,
இரண்டிரண்டுக்கும் நடுவே ஒரு கொக்கி.

சாவு வீட்டில் அழுகை ஒரு நிமிஷம் நின்றது.
மகன் வெளியே வந்தான். காரைப் பார்த்தான்.
திட்டப்போகிறான் என்று தேசப்பன் கும்பிட்டுவிட்டார்.
"எங்கப்பா ஹார்பர்ல டிரெய்லர் ஓட்டினவரு"
என்றான், காரிடம்தான் சொன்னான் போல.
குனிந்து பின்னை ஆட்டிப் பார்த்து,
செயின் எத்தனை கண்ணி தொங்குகிறது என்று பார்த்து,
கிரீஸ் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு
உள்ளே போனான்.
பிறகு அழுகை திரும்பத் தொடங்கியது.

பெட்டியைக் கழற்றி இறக்கினதும்
கொக்கிக் குண்டின்மேல் தூசு படாமலிருக்க
கிழித்த டென்னிஸ் பந்து ஒன்றைக் கவிழ்த்தான் நவ்ஷாத்.
திரும்பும்போது அது இல்லை.

மறுநாள் சாயங்காலம் பெட்டியை எடுக்கப் போனோம்.
தெருமுனையில் பசங்க,
கிழிசல் பக்கம் பட்டால் எகிறாமல் படுத்துவிடும் பந்து,
அவுட்டா இல்லையா என்று சண்டை.
பந்தைக் கேட்டு வாங்கி வரப் போன நவ்ஷாத்
ஒரு ஓவர் போட்டுவிட்டு
வெறுங்கையோடு வந்தான்.