நானூறு டன் ஹெர்ரிங்

செவ்வாய்க்கிழமை நான் நடுவர்.
லிஃப்டில் ஒரு தரப்பு வக்கீல் ஏறினால்
அடுத்த மாடியிலேயே இறங்கி, படியைப் பிடிப்பேன்.
"என்ன மழை" என்றுகூட அவரிடம் தனியே சொல்லக்கூடாது.
பெர்கன் நகரில், நவம்பரில்.

வியாழக்கிழமை அதே கட்டடம், அதே நான்.
இன்று தனியே பேசுவதற்குத்தான் கூலி.
கதவைச் சாத்தி, நாற்காலியை இழுத்துப் போட்டு
"சரி, இப்போது சொல்லுங்கள்" என்பது.

நான்காம் மாடியில் இரண்டு அறைகள்,
நடுவே முப்பத்தோரு எட்டு.
முதல் வருடம் குதிகால் செருப்பு போட்டிருந்தேன்,
நான் வருவது இரண்டு அறைக்கும் முன்பே கேட்டுவிடும்.
இப்போது ரப்பர் அடி.

துறைமுகம் தெரியும் அறையில்
குளிர்கிடங்கு முதலாளி ஊட்வார் ஷெல்டே.
வெறும் சுவர் தெரியும் அறையில்
ஆல்போர்க்கின் கம்ப்ரெசர் கம்பெனி:
மெட்டே லவுரிட்சென், வக்கீல்கள் இருவர்,
யாரும் தொடாத ஒரு தட்டு பட்டை ரொட்டி.

ஒரு சனிக்கிழமை இரவு கம்ப்ரெசர் நின்றது.
திங்கள் காலை கதவைத் திறந்தபோது
நானூறு டன் ஹெர்ரிங்
தன் கட்சியைத் தானே எடுத்துரைத்துக்கொண்டிருந்தது,
தெருமுனை வரைக்கும்.

நாற்பத்தொரு மில்லியன் குரோனர் என்கிறது இந்த அறை.
ஆறு என்கிறது அந்த அறை.
கொதிக்கும் பாத்திரத்தைத் துணி சுற்றித் தூக்குவதுபோல
எண்ணை எடுத்துப் போகிறேன்.
ஆறு என்று அப்படியே இறக்கினால் மேசை கருகும்.
"உங்கள் பராமரிப்புப் பதிவேட்டை வரிவரியாகப் பார்த்திருக்கிறார்கள்"
இது முதலில்.
எண் அப்புறம்.

இருபத்தாறு வருடம் நான் இப்படியில்லை.
வழக்காடினேன். ஊட்வாரையே ஒருமுறை,
மூழ்கிய படகொன்றின் காப்பீட்டுக்காக,
பனிக்கட்டி ரசீது ஒன்றின் தேதியை வைத்துக்கொண்டு
நாற்பது நிமிடம் நூல்நூலாகப் பிரித்தேன்.
அவர் தண்ணீர் கேட்டார்.
நான் அடுத்த கேள்வி கேட்டேன்.
அன்று மாலை ஒரு கிலோ இறால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

இதையெல்லாம் இரு தரப்புக்கும் எழுதித் தெரிவித்திருந்தேன்.
ஆட்சேபம் இல்லை என்று
முதலில் வந்த பதில் அவருடையது.

மணி மூன்று.
இருபத்திரண்டில் ஒருவர், பதினாலில் ஒருவர்.
ஊட்வார் தன் வக்கீலைக் காபிக்கு அனுப்பினார்.
கேட்காமல் இருந்திருக்கலாம், கேட்டேன்:
ஏன் என்னை?

"அந்த ரசீதுக் கட்டு முழுவதையும்
அன்று படித்திருந்தது நீங்கள் ஒருத்திதான்.
என் வக்கீல் அதைப் பிரிக்கவே இல்லை."
பனிக்கட்டியின் விலையைச் சொல்வதுபோலச் சொன்னார்.
வெளியே ஒரு கிரேன் எதையும் தூக்காமல் திரும்பியது.

பிறகு, என்னைப் பார்க்காமல்:
"அப்படியென்றால் அறுநூற்றுப் பன்னிரண்டாம் பக்கமும் பார்த்திருப்பீர்கள்."

பார்த்திருந்தேன்.
எனக்கு மட்டும் என்று அவர் அனுப்பிய கட்டில் இருந்தது.
இரவு 11.52, எச்சரிக்கை மணி.
11.53, கைபேசியில் யாரோ அதை அணைத்திருக்கிறார்கள்.
அந்த யாரோவின் பெயரும் ஷெல்டே என்றுதான் முடிகிறது.

செவ்வாய்க்கிழமையாக இருந்திருந்தால்
அந்தப் பக்கம் எல்லார் கையிலும் இருக்கும்,
பையன் சாட்சி நாற்காலியில் இருப்பான்,
தண்ணீர் கேட்பான்.

"பதினேழு" என்றார் ஊட்வார்.

முப்பத்தோரு எட்டு.
சுமந்துபோனது பதினேழை மட்டும்.
மெட்டே கண்ணாடியைக் கழற்றினாள்.
"ஐந்து மில்லியன் திடீரென்று ஏன் இறங்கினார்?"
இந்த அறைக்கு ஜன்னலும் இல்லாததுபோலத்தான்.
"மழை" என்றேன்.

ஏழு நாற்பதுக்குக் கையெழுத்தானது, பதினாறரை.
கை குலுக்கவில்லை.
பட்டை ரொட்டித் தட்டு எப்போதோ காலியாகியிருந்தது.
எல்லாரும் ஒரே லிஃப்டில் நெருக்கி ஏறி
எனக்கும் இடம் விட்டு நின்றார்கள்.

நான் படியில் இறங்கினேன்.
கால் அப்படிப் பழகிவிட்டது.