இதர இரண்டு

கோரமங்களாவில் எங்கள் ஆபீஸ் தூணுக்கு
மஞ்சள் சீட்டுகளால் ஒரு சட்டை.
யாருக்காவது ஞானம் வந்தால்
அதில் ஒட்டிவிடுவார்கள்.

"விற்காத மென்பொருள் வெறும் டைரி."
இது நிஷ்சல் ஹெக்டே எழுதியது,
சம்பளம் பதினைந்து நாள் தள்ளிப்போன மாதம்.

"முடிந்துவிட்டது என்பது
தேதி போட்ட பொய்."
கையெழுத்தைப் பார்த்தால் பிர்தௌஸ்.
அந்தப் பொய்யை வாடிக்கையாளரிடம் தூக்கிக்கொண்டு போவதும் அவள்தான்.
டெமோ ஓடும்போது யாரும் வாங்குவதில்லை,
நின்றுபோகும்போது நம் முகத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள் என்பாள்.
அதை மட்டும் ஏனோ அவள் ஒட்டவில்லை.

ஏ.சி. காற்றில் சில சீட்டுகள் உதிரும்.
கூட்ட வரும் மல்லேசுவரி
எடுத்து அடுக்கி மேசையில் வைப்பாள்,
பில் என்று நினைத்து.

நான் சோதிப்பவள். பெயர் ஏந்திழை.
அடுத்தவர் கட்டியதை உடைத்துப் பார்க்கச் சம்பளம்.
என் சீட்டு ஒன்றே ஒன்று, தூணின் பின்பக்கம்:
"தெரியாது என்று சொல்லக் கற்க
எனக்கு நாலு வருஷம் ஆனது."
யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

பூ மொத்த வியாபாரிகளுக்கான எங்கள் ஆப்
முதல் வாரமே கணக்கில் உதைத்தது.
வந்தது நாற்பது கிலோ,
விற்றது முப்பத்தேழு,
கூடையில் மிச்சம் ஒன்றுமில்லை.
ரவுண்டிங் பிழை என்றான் நிஷ்சல்.
தராசுதான் பிழை என்றாள் பிர்தௌஸ்.
இரண்டு ராத்திரி கோடுக்குள் மேய்ந்தேன்.
கோடு யோக்கியமாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள், விடியுமுன் நாலு மணிக்கு,
கே.ஆர். மார்க்கெட்டுக்கு ஆட்டோ பிடித்தேன்.
கெம்பராஜுவுக்கு என் வயதுதான் இருக்கும்.
காதில் ஹெட்போன், முழங்கால்வரை செவ்வந்தி.
ஒரு கையால் நிறுக்கிறான்,
மறு கையால் எங்கள் ஆப்பைத் தட்டுகிறான்,
தட்டி முடித்த பிறகு
எந்தக் கை என்றே தெரியாமல் ஒரு பிடி பூ
வாங்கியவர் கோணிக்குள் விழுகிறது.
ஒவ்வொருவருக்கும்.

அது என்ன என்றேன்.
எது என்றான்.
இப்போது போட்டாயே.
"அதா? கொசரு."
கன்னடத்திலும் அதேதானா என்று சிரித்துவிட்டேன்.
எதற்குச் சிரிப்பென்று அவனுக்கு விளங்கவில்லை.
"அதையும் ஆப்பில் போட்டால் என்ன?"
"போட்டா அது வியாபாரம் ஆயிடுமே, மேடம்."

திரும்பும்போது பையில், லேப்டாப்புக்கு மேல்,
நான் கேட்காத கால் கிலோ செவ்வந்தி.
மூன்று நாள் கீபோர்டில் ஈரவாசம்.

திங்கட்கிழமை அவன் சொன்னதைத் தூணில் ஒட்டினேன்,
இந்தத் தடவை முன்பக்கம்.
நிஷ்சல் படித்தான், தலையை ஆட்டினான்,
"மேடத்தை எடுத்துவிடலாமா" என்றான்.

புதிய பதிப்பில் கணக்கு நேராகிறது.
ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம்.
கொசுறுக்கு ஆங்கிலம் அகப்படாமல்
மீட்டிங் சாப்பாட்டு நேரத்தையும் தின்றது.
கட்டத்தின் பெயர் இப்போதைக்கு
'இதர இரண்டு'.

'இதர ஒன்று' எதற்காக என்று
கேட்டுப் பார்த்தேன்.
அதை எழுதியவர்
வேலையை விட்டுப் போய்விட்டாராம்.