மூன்றாம் ரன்னர்

கிளாக்ஸ்விக் துறைமுகத்தில்
ஐஸ் கிடங்குக்கு மேலே எங்கள் அலுவலகம்.
படகுகள் இறக்கும் மீனை நிறுக்கிற தராசுகளுக்கு
மென்பொருள் எழுதுகிறோம், ஆறு பேர்.

வாடகைக்குக் கிடைக்கும் மேகத்தில்
எங்கள் டெஸ்டுகள் ஓடா.
அங்கே தராசு இல்லை.
இங்கே, துடைப்பம் வைக்கும் அறையில்,
மூன்று பழைய பெட்டிகள்,
ஒரு நிஜத் தராசு,
அதன்மேல் இருபது கிலோ எடைக்கல்.
நிமிஷத்துக்கு இவ்வளவு என்று
காசு கேட்பார் யாருமில்லை.
கதவைத் திறந்தால்தான் சூடு தணியும்.
திறந்தால் மீன் வாடை.

நிறுவப் பத்து நிமிஷம் போதும்.
டோக்கனை ஒட்டு, பெயர் வை, ஓட விடு.
அப்புறம் அது கேட்டுக்கொண்டே இருக்கும்:
வேலை உண்டா, வேலை உண்டா.
மீதி ஆயுசெல்லாம் பராமரிப்பு.

டிஸ்க் நிரம்பும், அதுவும் வெள்ளிக்கிழமை மாலையில்.
பழைய இமேஜ்களை அள்ளி வெளியே கொட்டுவேன்.
ஓர் ஈஸ்டர் விடுமுறையில்
முதல் ரன்னர் தன்னைத்தானே புதுப்பிக்கப் போய்ப்
பாதிச் சட்டையில் மாட்டிக்கொண்டது.
திரும்பி வந்து பார்த்தால் வரிசையில் நாற்பத்தொரு வேலைகள்,
ஒவ்வொன்றின் நெற்றியிலும்
'காத்திருக்கிறது'.

மூன்றாவதை மட்டும் எல்லோருக்கும் பிடிக்கும்.
மற்ற இரண்டில் சிவப்பாய் விழும் பில்ட்
அதில் பச்சையாய் வரும்.
பார்டுர் அதற்கு லேபிளே ஒட்டினான்: ராசிக்காரன்.
மறுபடி ஓட்டு, மறுபடி ஓட்டு,
தாயம் விழும்வரை உருட்டுவதுபோல.
வெளியீடுகளும் அதிலிருந்தே போயின.
பதினோரு மாதம்.
ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.
நானும்தான்.

நவம்பர்ப் புயலில் மின்சாரம் மூன்று தடவை போய் வந்தது.
மூன்றாவது எழுந்திருக்கவில்லை.
டிஸ்கைத் துடைத்துப் புதிதாய் எல்லாம் போட்டேன்,
சுத்தம் சோறு போடும் என்ற நம்பிக்கையில்.
மறுநாள் காலை மூன்றிலும் சிவப்பு.

லாக் சொன்னது ஒரே வரி:
வாகுர் துறைத் தராசின் திருத்தப் பட்டியல் இல்லை.
எங்கள் ரெப்போவில் அப்படி ஒரு கோப்பு
என்றைக்கும் இருந்ததில்லை.

ஹானுஸைக் கூப்பிட்டேன்.
வேலையை விட்டுவிட்டு இப்போது
சால்மன் பண்ணைப் படகில் இருக்கிறான்.
காற்றுக்கு நடுவே கத்தினான்:
"அதுவா? வாகுர்த் தராசு ஒரு பக்கம் சாய்ந்தது.
எண்களைக் கையால் தட்டி
அந்தப் பெட்டியிலேயே வைத்தேன்.
அப்புறம் ஒழுங்காகச் சேர்க்கலாம் என்று..."
அலை ஒன்று மீதியை எடுத்துக்கொண்டது.
பிரதி இருக்கிறதா என்றேன்.
"ரன்வா, அதுதான் பிரதி."

ஒருவன் போட்டுவிட்டுப் போன மிச்சத்தில்
ஒரு துறைமுகமே சரியாக நிறுத்துக்கொண்டிருந்தது.
நாங்கள் அதை ராசி என்றோம்.

வியாழக்கிழமைக் கப்பலில்
பார்டுரும் நானும் எடைக்கற்களோடு தெற்கே போனோம்.
ஒரு கிலோ, ஐந்து, பத்து, இருபது.
மழையில் நாள் முழுக்க
ஏற்றி, குறித்து, இறக்கி, குறித்து.
வாகுரில் மீன் இறக்குபவர்கள்
காப்பி கொடுத்தார்கள், ஏனென்று கேட்கவில்லை.
தராசு உண்மையிலேயே சாய்ந்திருந்தது,
கடல் பக்கமாக.

இப்போது பட்டியல் ரெப்போவில் இருக்கிறது.
மேல்வரியில் தேதி, எங்கள் இருவர் பெயர்,
ஹானுஸின் பெயரும்.
ரன்னர்களுக்கும் விதியை மாற்றினேன்:
ஒரு வேலைக்கு ஒரு பிறவி.
வெற்று அறையில் கண் விழிக்கும்,
முடித்ததும் அறையோடு அழியும்.
முன்ஜென்ம வாசனை ஒட்டக் கூடாது.

முதல் ஓட்டம் சிவப்பு.
ரசீது அச்சிடும் எழுத்துரு எங்குமில்லையாம்.
அதையும் எவரோ எப்போதோ
கையால் போட்டிருக்க வேண்டும்.
பார்டுர் தலையில் அடித்துக்கொண்டான்.
எனக்கு, சொல்லக் கூடாது,
கொஞ்சம் நிம்மதியாகவே இருந்தது.

லேபிளை உரித்தேன்.
பாதிதான் வந்தது.