செல்லாக்காசு

செப்டம்பர் கடைசி. குல்டீகாவில் மழை
பக்கவாட்டில் பெய்கிறது.
பன்னிரண்டு ஜோடி ரப்பர் பூட்ஸ் வாசலில்
இடம் வலம் மாறி நிற்கின்றன.
உள்ளே, ஈரக் காலுறையோடு
உண்டினே கடை திறந்துவிட்டாள்.

மேப்பிள் இலை மீன்.
பிர்ச் இலை பொடிமீன்.
பைன் காய் கோழி; இறகு பிய்த்துத் தந்தால் விலை கூடும்.
பணம் மட்டும் ஓக் கொட்டை.
நேற்றுப் பூங்காவில் பொறுக்கியது,
கோட்டுப் பைகளில், ஒரு கம்பளித் தொப்பியில்,
டாலிஸின் கன்னத்துக்குள் இரண்டு.
(துப்பச் சொன்னேன். துப்பினான்.
கழுவி வங்கியில் சேர்த்தோம்.)

வங்கி என்பது பழைய பிஸ்கட் டப்பா.
எல்லோருமாக எண்ணினோம்.
பதினொன்று, பதினான்கு, பதினாறு என்று வழுக்கி
மறுபடி கீழிருந்து ஏறி
முப்பத்தொன்றில் மூச்சு வாங்கி நின்றோம்.

என் மேசையில் ஒரு படிவம்.
இருபதுவரை எண்ணுகிறார்: கட்டம்.
பகிர்ந்து விளையாடுகிறார்: கட்டம்.
இலையுதிர்காலத்தின் மூன்று மாற்றங்களைக் கூறுகிறார்: கட்டம்.
ஏன் மூன்று என்று எனக்குத் தெரியாது.
ரெனார்ஸைக் கேட்டேன்.
"இலை விழுது.
அப்புறம் இலை விழுது.
அப்புறம், ஒண்ணு மட்டும் விழமாட்டேங்குது."
பேனா கட்டத்தின்மேல்
கொஞ்ச நேரம் சும்மா நின்றது.

வியாழக்கிழமை டப்பாவைத் திறந்தபோது
முதலில் கத்தியது நான்தான்.
வெந்த சோற்றுப் பருக்கை நெளிந்தால்
எப்படி இருக்கும்? அப்படி.
காலில்லை. தலை மட்டும் தேன் நிறம்.
ஸர்மீட்டே முறம் எடுக்கப் போனாள்;
நான் தடுக்கவில்லை,
அதையும் சொல்லிவிட வேண்டும்.

ரெனார்ஸ் எண்ண ஆரம்பித்திருந்தான்.
கொட்டைகளைத் தனியே. புழுக்களைத் தனியே.
மறுபடி ஒருமுறை, விரல் வைத்து.
"எதுவும் குறையல.
ஆனா அஞ்சு கூடியிருக்கு."
முறத்தோடு வந்த ஸர்மீட்டே
முறத்தோடு உட்கார்ந்துவிட்டாள்.

பிறகுதான் துளைகளைப் பார்த்தோம்.
ஐந்து கொட்டைகளில் ஐந்து துளை,
பென்சில் முனை நுழையும் வட்டம்,
உள்ளே வெறும் தூள்.

கடையில் அன்று தகராறு.
டாலிஸ் ஒரு மீனுக்குத் துளைக்கொட்டையை நீட்ட
உண்டினே தள்ளிவிட்டாள்: "இது செல்லாது."
பகிர்ந்து விளையாடுவதைப் பற்றி
நான் வாயைத் திறந்தேன்.
யாரும் திரும்பவில்லை.
"இதுக்குள்ள ஒருத்தன் குடியிருந்தான்" என்றான் டாலிஸ்.
அவள் அதைக் காதில் வைத்துக் கேட்டாள்.
கண்ணில் வைத்துப் பார்த்தாள்.
பல்லா முதலாளியின் முகத்தோடு யோசித்தாள்.
"அப்போ ரெண்டு மீன்."

அரை மணி நேரத்தில் வகுப்பு முழுக்கச் சத்தமில்லை.
ஐந்து மேசைகளிலும்
பென்சிலால் கொட்டையைக் குடைந்துகொண்டிருந்தார்கள்.
இப்படித்தான் எங்கள் ஊரில்
கள்ளப்பணம் புழக்கத்துக்கு வந்தது.

புழுக்களை மண் நிறைந்த தொட்டியில் விட்டோம்.
ஐந்தும் தலைகீழாகப் பாய்ந்து மறைந்தன,
நன்றி, போய்வருகிறேன், ஒன்றுமில்லாமல்.
"எப்போ வரும்?"
அடுத்த வருஷமோ, அதற்கடுத்ததோ என்றேன்.
நீள மூக்குள்ள வண்டாக வரும் என்றேன்.
மூக்கு எவ்வளவு நீளம் என்று மடாரா
இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள்.
அதைவிடக் கொஞ்சம் குறைவு.
"அப்போ எனக்கு முன்பல்லு இருக்காது" என்றான் ரெனார்ஸ்.
அப்போது அவர்கள் பாலத்துக்கு அந்தப் பக்கம்
பெரிய பள்ளியில் இருப்பார்கள்
என்பதை நான் சொல்லவில்லை.
தொட்டியில் அட்டை நட்டார்கள்,
பாதி எழுத்து கண்ணாடியில் பார்த்தாற்போல்:
தட்டாதீங்க, தூங்குறாங்க.

படிவம் இன்னும் காலி. மழை விட்டிருந்தது.
பேருந்துக்குச் சில்லறை தேடிப் பைக்குள் கைவிட்டால்
ஒரு ஓக் கொட்டை. துளையோடு.
யார் போட்டது என்று தெரியவில்லை.
தெருவிளக்கின் கீழ் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்,
பென்சில் குடைந்ததா,
உள்ளிருந்து ஒருவன் கிளம்பிப் போனதா என்று.