ஸ்டோர்

தாள் எண் ஏ-204. பதினான்காம் மாடி, வகை மூன்று.
அடுக்களைக்குப் பின்னால்
ஐந்தடிக்கு நாலேகால் அடியில் ஒரு கட்டம்,
அதற்குள் ஒரே ஒரு சொல்: ஸ்டோர்.
படுக்கையறை என்று எழுதினால்
ஜன்னல் கேட்கும் சட்டம்.
ஸ்டோர் எதையும் கேட்காது.
கீழே வலது மூலையில் என் கையெழுத்து,
பதிவு எண், ஊதா முத்திரை.

இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள்.
பெருக்கிப் பார்த்ததில்லை அன்றுவரை.

குருகிராமில் டிசம்பர்.
பனி எது புகை எது என்று பிரிக்க முடியாத மாலை.
கட்டாரியாவின் மகளுக்குப் புதுமனை புகுவிழா.
என் மாடிக்கு என்னையே விருந்தாளியாய்
ஏற்றிச் சென்றது லிஃப்ட்.
பால்கனியைப் புகழ்ந்தார்கள்.
இத்தாலியப் பளிங்கில் என் முகம் பார்த்து
நானும் கொஞ்சம் புகழ்ந்தேன்.

கை கழுவத் தேடிப் போய்
தவறான கதவைத் திறந்தேன்.
என் வரைபடத்தில் எனக்கே வழி தெரியவில்லை.

மேலே அட்டம் நிறைய சூட்கேஸ்கள்.
பக்கத்து அலமாரி ஓரடியை விழுங்கியிருந்தது.
மிச்சத்தில் மூலைக்கு மூலை ஒரு பாய்.
பாயில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்
சலோமி டோப்போ. சிம்டேகா பக்கம் ஊர்.
எழுந்தாள்; தலைக்கு மேல் குழாய்,
பழகிய குனிவோடு எழுந்தாள்.

"தண்ணீர் வேணுமா சாப்?"

வேண்டாம் என்றேன். போகவும் இல்லை.
காற்றுப்போக்கிக்கு வெளியே
ஏ.சி. பெட்டிகள் வெந்நீராய் மூச்சுவிட்டன.
இங்கேயா தூங்குகிறாய்?
சிரித்தாள். சாண் போட்டுக் காட்டினாள்,
சுவரிலிருந்து அலமாரிவரை:
ஆறரை.
எண்சாண் உடம்பு அவரவர் கைக்கு எட்டுதானே.
"குறுக்கே படுத்தா கால் நீட்டலாம் சாப்.
முதல் வாரம் தெரியலை.
அப்புறம் கண்டுபிடிச்சேன்."

கர்ணம்.
பள்ளிக்கூடத்தில் எனக்கு மதிப்பெண் தந்த கணக்கு
இவளுக்கு ஒரு வாரத் தூக்கத்தை எடுத்துக்கொண்டு விடை சொல்லியிருக்கிறது.

"இதை யார் சாப் வரைஞ்சது?"
கோபமில்லை அந்தக் குரலில்,
மழை எப்போது நிற்கும் என்பதுபோலக் கேட்டாள்.

தெரியவில்லை, என்றேன்.

அந்தப் பொய்யோடு கீழே இறங்கினேன்,
சர்வீஸ் லிஃப்டில், ஏன் என்று தெரியாமல்.
குப்பை வாளி ஒன்று துணைக்கு வந்தது.

திங்களன்று அடுத்த கோபுரம். அதே வகை மூன்று.
எங்கள் விளம்பரப் படங்களில் மனிதர்களுக்குப் பஞ்சமில்லை:
நாயோடு நடக்கும் பெண், பலூன் பையன்,
எதையோ சுட்டிக்காட்டும் கோட்டுக்காரர்.
துடைப்பத்தோடு யாருமில்லை அந்தக் கோப்பில்.
நானே வரைந்தேன்.
ஐந்தடி உயரம், ஒருக்களித்து,
மூலைக்கு மூலை,
அளவுக்குச் சரியாய்.

"சார், இவங்களை எந்த லேயர்ல போட?"
தெம்சுலா கேட்டாள். ஆறு மாதம்தான் ஆகிறது சேர்ந்து.
அச்சில் விழாத ஒரு லேயர் உண்டு.
முப்பது வருடமாய்
எத்தனையோ உறுத்தல்களை அங்கே ஒதுக்கியிருக்கிறேன்.

சுவரை வரைந்த லேயரில், என்றேன்.

ஜன்னலும் போட்டோம், இரண்டடிக்கு மூன்று.
அதற்காக வரவேற்பறை ஏழு அங்குலம் இழந்தது.

புதன்கிழமை கட்டாரியா அழைத்தார்.
"ரைனா சாப், ஸ்டோரில் யாரோ படுத்திருக்காங்க."
ஆமாம்.
"ஏன் கோணலா?"
நேராய்ப் படுக்க இடமில்லை.

ஃபோனில் யாரோ தேநீர் வைக்கும் சத்தம்.
நன்றி சொல்லவில்லை அவர்; வைத்தவர் போயிருப்பார்.

"அழிச்சிடுங்க. ஜன்னலையும்.
வெள்ளிக்குள்ள சமர்ப்பிக்கணும்."

இன்று வியாழன், இரவு பதினொன்று.
முத்திரையை மேசைமேல் எடுத்து வைத்திருக்கிறேன்.
தெம்சுலா இன்னும் கிளம்பவில்லை.
திரையில் அவள்
புரண்டுகூடப் படுக்காமல்.