இரண்டு வரிக்கு மேல்

ஷூம் நிலையத்தில் அந்தி மயங்க ரயில் நின்றபோது
குறிப்பேடும் கையுமாய் ஏறினான் ஒரு வெள்ளைக்காரன்.
இரும்புத்தாது குவிந்த பெட்டியின் மேல்
என் ஆடுகளுக்கும் எனக்கும் நடுவில்
கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து உட்கார்ந்தான்.
கருவாடு விற்று முடித்து
கடற்கரைக்கு, நுவாதிபூவுக்குத் திரும்புகிறேன் நான்.
பன்னிரண்டு மணி நேரம்.
பேசாமலா வர முடியும்?

மணலின் நிறத்துக்கு உங்களிடம் எத்தனை பெயர் என்றான்.
இந்த வெறுமைதானே உங்களைப் பாட வைக்கிறது என்றான்.
வெறுமையா?
அவன் முதுகுக்குப் பின்னால்
மினேத்துவின் அண்ணன் கூடாரம், தூர்ந்த கிணறு ஒன்று, தூராதது ஒன்று,
என் ஒட்டகம் செத்த இடம்,
ஒருவனோடு கோபித்துக்கொண்டு நான் இறங்கி நடந்த வளைவு
எல்லாம் இருட்டில் போய்க்கொண்டிருந்தன.

எங்கள் பெண்கள் கட்டும் பாட்டு இரண்டே வரி.
ஏன் என்றான்.
அதற்கு மேல் வாய் திறந்தால் மண் என்றேன்.
சிரித்தான், எழுதிக்கொண்டான்.
பொய்தான்.
அதற்கு மேல் நீண்டால்
யாரை நினைத்துக் கட்டினோம் என்று தெரிந்துவிடும்.

ஒன்று சொல்லேன் என்று கெஞ்சினான்.
ஸுவெராத் சுரங்கத்தில் இருப்பவன் பேரை
இந்த வாய் சொல்லாது. இவ்வளவுதான் சொல்லும்:

மலையையே வெட்டி ரயிலேற்றி அனுப்புகிறவன்
தன்னை மட்டும் ஏற்ற மறந்துவிடுகிறான்.

தூசி அடைத்து அவன் பேனா எழுதவில்லை.
தாதுப் பொடியைத் தொட்டு
விரலால் நானே எழுதிக் கொடுத்தேன்.
காற்று தாளைப் புரட்டியது.
பிறகு வாய் பிளந்து தூங்கிப்போனான்.
குளிருக்கு ஒரு காலிச் சாக்கைப் போர்த்தினேன்,
கருவாட்டு வாடையோடு.

ஏழு மாதம் கழித்து அதாரில் ஒரு கல்யாணம்.
ஆண்கள் விலகிப் போன கூடாரத்தில்
தெக்பெர் என்றொரு பெண், பதினெட்டு இருக்கும்,
முரசைத் தட்டிக்கொண்டே சொன்னாள்:

மலையையே வெட்டி ரயிலேற்றி அனுப்புகிறவனே,
ஒரு கைப்பிடி உன்னை அனுப்பினால் குறைந்தா போவாய்?

என்னுடையதைவிட நன்றாயிருந்தது.
வயிறு எரிந்தது.
சுரங்கத்தில் இவளுக்கும் ஒருவன் இருக்கிறானோ,
இல்லை, அவனேதானோ என்று
ஒரு நொடி ஓடியது புத்தி.
யார் கட்டியது என்று கேட்டார்கள்.
காற்றில் வந்தது என்றாள், கண்ணைத் தாழ்த்தி.

எல்லோரோடும் சேர்ந்து நானும் கை தட்டினேன்.
மூன்றாவது கண்ணாடித் தேநீர் வந்தது.
மருதாணி சிவந்த விரல்களில்
நகக்கண் மட்டும் இன்னும் இரும்புக் கறுப்பு.
முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.