சிவப்பு மூடி

டொக்டர் ஒரு கோக் போத்தல் மூடியைக் காட்டினார்.
வலக்கண்ணுக்குச் சிவப்பு என்றாள் மிதுஷா.
இடக்கண்ணுக்கு,
"தோச்சுத் தோச்சு வெளுத்த சிவப்பு."

எட்மன்டனில் அன்று மைனஸ் இருபத்தெட்டு.
கண்ணை உருட்டினால் நோகுதென்று
மூன்று நாள் சொன்னவளை
ஐபேடைப் பறித்து ஏசியவன் நான்.

நரம்பு வீங்கியிருக்காம்.
இதோடு போகலாம்,
மூளைக்கோ முள்ளந்தண்டுக்கோ
பிறகொருநாள் வரலாம்.
இரத்தம் ஆய்வுகூடத்துக்குப் போயிருக்கு,
பதிலுக்கு இரண்டு கிழமை.

ஸ்டீராய்டு ஏறின இரவு
பசிக்குதென்று எழும்பி
நாலு மீன் ரோல்ஸ் தின்றாள்.
எனக்குத் தொண்டையில் தண்ணீரும் இறங்கவில்லை.

வீடு திரும்பும் வழியில் சிக்னல்.
பின்சீட்டிலிருந்து
"அப்பா, பச்சை விழுந்திட்டுது" என்றாள்
ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு.

எந்தக் கண்ணென்று
கண்ணாடியில் பார்க்காமல்
காரை எடுத்தேன்.